ஹால்வர் அள்ளி வந்த மண்

சமையலறைத் தரையில் சூரியகாந்தி விதைத் தோல் கிடந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஒரு கைப்பிடி இருக்கும். கடித்துத் துப்பிய எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை. ஹால்வர் கைத்தடியை ஊன்றி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி ஆர்டிஸுக்கு அந்த விதையைக் கண்டாலே ஆகாது. பேஸ்பால் மைதானத்தில் அதை மென்று காலடியில் துப்பும் ஆண்களை, "மாடாட்டம் அசை போடுறானுங்க பாரு" என்று ஆயுசு முழுக்கத் திட்டியவள்.

அவள் செத்து நாலு வருஷம் ஆகிறது. ஆட்டமில்லாத ஒரு சாயங்காலம் அவளுடைய சாம்பலை, ஓடுகிறவர்கள் கால் வைக்கும் மூன்றாவது பேஸுக்குப் பக்கத்து மண்ணில் தூவிவிட்டு வந்தார். கூடாது என்று நிர்வாகம் பலகை மாட்டியிருந்ததுதான், யார் கேட்டார்கள்? மர இருக்கை போட்ட காலத்திலிருந்து ஊரில் செத்தவர்களில் பாதிப் பேர் சாம்பலாக அந்த மைதானத்து மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். அதைத் தினமும் வாரி, தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டவர் ஹால்வர். அதனால் அவள் போய்விட்டாள் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் புதுப்பிக்கிறோம் என்று வந்தார்கள். பிளாஸ்டிக் புல் வருமாம், பழைய மண்ணெல்லாம் லாரியில் போய்விடுமாம். முட்டி அறுவைசிகிச்சை முடிந்து அவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் இருக்கை, வேலி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். வெறும் பொட்டல். அன்றைக்குக் கண் தெரியாத பனிமூட்டம் வேறு. மட்டைக்காரன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு ஒரு முளைக்குச்சி மட்டும் அடித்திருந்தார்கள். அதிலிருந்து காலால் அளந்துபோய், மூன்றாவது பேஸ் இருந்த இடத்தில் ஒரு வாளி மண்ணை அள்ளிக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பேசப் பக்கத்து வீடுகூட இல்லாத மனிதர். இருட்டும் நேரமெல்லாம் அந்த வாளி முன்னால் உட்கார்ந்து, அதனிடம் வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னார், அழுதார். "கதவு தெறந்துதான் இருக்கு, வீட்டுக்கு வந்துடும்மா" என்று கெஞ்சினார். ஒரு நாள் கூடத்தில் காலடிச் சத்தம் கேட்டது. ஐயோ, அந்த மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம்!

இன்றைக்குத்தான் இந்தத் தோல்.

போன் அடித்தது. மைதான வேலையை மேற்பார்க்கும் டுவேன்.

"பெரியவரே, முட்டி எப்படி இருக்கு? ஓடி ஒரு ரன் எடுத்துடுவீங்களா?"

"நக்கலு! பிளேட்டு போட்டாச்சா?"

"போட்டாச்சு. இனிமே சாயங்கால வெயில் எவன் கண்ணுலயும் குத்தாது. அதுக்குத்தானே மைதானத்தையே திருப்பினோம்."

"திருப்பினீங்களா?"

"அட, உங்களுக்குத் தெரியாதா? நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்பவே பிளேட்ட எதிர் மூலைக்குக் கொண்டுபோயாச்சு. பழைய பேஸ் பக்கத்து மண்ணு மொத லாரியிலயே போயிடுச்சே."

ஹால்வர் போனை வைத்தார். ஆர்டிஸ் எங்கோ ஒரு குப்பைமேட்டில் கிடக்கிறாள். புது பிளேட்டின் முளையிலிருந்து அளந்து, வேறெங்கோ கிடந்த மண்ணைத் தன் கையாலேயே அள்ளி வந்திருக்கிறார். அப்படியென்றால் இத்தனை நாளும் அழைத்தது யாரை? ஊரில் செத்தவர்களில் யாரை?

சன்னலுக்கு வெளியே வெளிச்சம் முழுக்கப் போய்விட்டது. படுக்கையறையிலிருந்து ஒரு வாடை வந்தது, நனைந்த தோல் கையுறையும் மெல்லும் புகையிலையும் பழைய வியர்வையும் கலந்த வாடை.

கட்டில் கிறீச்சிட்டது. கனமான உடம்பு.

வாசலைப் பார்த்தார். வெளியே முழங்கால் ஆழத்துக்குப் பனி கொட்டிக் கிடந்தது. கார்ச் சாவி படுக்கையறையில்.

மூச்சுச் சத்தம். நிதானமாக.

"ஹாலி."

ஆர்டிஸ் மட்டுமே கூப்பிட்ட பேர். அதையும் வாளியிடம் சொல்லியிருந்தார்.

"ஹாலி, குளுருது. கதவச் சாத்திட்டு வந்து படு." கரகரத்த ஆண்குரல்.

இருட்டில், அவர் படுக்கும் பக்கத்துப் போர்வை மெல்ல உயர்ந்து அவருக்கு இடம் விட்டது.