மூன்றாம் மாடிப் பாட்டு

காதிலிருந்து செவிமணிகளைக் கழற்றியதும் தூத்துக்குடி முழுவதும் ஆக்னஸின் அறைக்குள் வந்து நின்றது. துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் உறுமின. கீழ்வீட்டில் யாரோ மிக்சியில் தேங்காய் அரைத்தார்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் தன் பங்குக்கு முனகியது. இத்தனை இரைச்சலில் முந்தைய தலைமுறை எப்படிக் குடித்தனம் நடத்தியது, எப்படித் தூங்கியது என்பது அவளுக்கு எப்போதுமே ஆச்சரியம்தான்.

இப்போது எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரு சல்லடை இருக்கிறது. முழுப்பெயர் பழகொலிச் சல்லடை. தட்டு அளவிலான அந்த வட்டக் கருவி நாள் முழுக்க வீட்டின் சத்தங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்த ஒலி திரும்பத் திரும்ப வருகிறதோ அது காதுக்குத் தேவையில்லை என்று முடிவு கட்டும். பிறகு அந்த ஒலி வரும்போதெல்லாம் வீட்டார் காதில் செருகிக்கொள்ளும் செவிமணிகளுக்குள் எதிரலை ஒன்றை அனுப்பி அழித்துவிடும். புதிதாக வரும் சத்தத்தை மட்டும் தடுக்காது. மின்விசிறிச் சத்தம் பழகிப்போனால் நமக்குக் கேட்காமல் போகிறதே, மனம் செய்துவந்த அந்த வேலையைக் கருவி இன்னும் கறாராகச் செய்தது.

வாசிக்கும்போது மட்டும் ‘மூணாம் மாடி’ குழுவினர் செவிமணி போடுவதில்லை. போட்டால் தாளம் மயிரிழை பின்தங்கும். பெயர் வைக்க மூளையைக் கசக்காமல் கூடுகிற இடத்தையே பெயராக்கிக்கொண்ட குழு அது. ஆக்னஸ் பாடுவாள், பாட்டு எழுதுவதும் அவள்தான். கசாலிக்குக் கிட்டார். சுடலைமுத்து மீன் ஏலக்கூடத்துப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து தட்டுவான். கழுவிக் கழுவிப் பார்த்தும் அதில் சூடை மீன் வாசம் போகவில்லை.

அந்தச் சுடலைமுத்து நாளைக் காலை கிளம்புகிறான். கடலடிச் சுரங்க நிலையத்தில் வேலை. ஒப்பந்தம் முடிகிறவரை மேலே வர முடியாது. அங்கிருந்து எழுத்துச் செய்தி மட்டும்தான் வரும். இரவு பகலாகப் பாறையைக் குடைகிற இயந்திரங்களுக்கு நடுவே இருக்க வேண்டும் என்பதால், செவிமணியைக் கழற்றக் கூடாது என்பது நிலையத்தின் முதல் விதி. கழற்றினால் காதும் போகும், வேலையும் போகும்.

ஆக்னஸுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் எழுதிய பாட்டு, அவள் குரலில், அவனோடு கடலுக்கடியில் போக வேண்டும். அது யாரை நினைத்து எழுதிய பாட்டு என்று கசாலிக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். சுடலைக்குத் தெரியுமா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

பதிவுக்கூடத்துக்குப் போக அவர்களுக்கு வசதி கிடையாது. கல்யாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற கசாலியின் மாமா, நல்ல மைக் ஒன்றை ஒரு மதியத்துக்கு மட்டும் கொடுத்திருந்தார். சாயங்கால வரவேற்புக்குள் அது மண்டபத்தில் இருந்தாக வேண்டும். லாரிச் சத்தத்துக்கும் கசாலியே வழி கண்டுபிடித்தான். மைக்கைச் சல்லடை வழியாகப் பதிவுக் கருவியில் இணைத்துவிட்டால், காதுக்குச் செய்கிற உபகாரத்தைச் சல்லடை பதிவுக்கும் செய்யும். சல்லடைக் கடைக்காரரும் ஒரு யோசனை சொல்லியிருந்தார்.

“அந்த ரூம்லயே வாசிச்சுப் பழகுங்க. சல்லட நல்லாக் கேக்கட்டும். எவ்வளவு கேக்குதோ அவ்வளவு சுத்தமா வடிக்கும்.”

மழைக்காலம் முழுவதும் அப்படியே செய்தார்கள். அதே அறை, அதே சுவர், அதே பாட்டு. சொதப்பினால் இன்னொரு முறை மைக் கிடைக்காது என்ற பயத்தில், தூக்கத்தில் எழுப்பினாலும் பிசகாமல் வாசிக்கிற அளவுக்குப் பழகியிருந்தார்கள்.

“ஆரம்பிப்பமால?” என்றான் கசாலி.

ஆரம்பித்தார்கள். ஆக்னஸ் இதற்குமுன் இவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. கடைசிச் சரணத்துக்கு முன்னால் மட்டும், நாளை என்ற நினைப்பு வந்து, ஒரு வார்த்தையில் தொண்டை அடைத்தது. அவளை ஏறிட்டுப் பார்த்த சுடலையின் கை தாளம் பிசகி ஒரு தட்டு தட்டியது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிந்ததும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

கசாலி பதிவை ஓடவிட்டான். லாரி இல்லை. மிக்சி இல்லை. மோட்டார் இல்லை.

“எப்படி, சுத்தமா இருக்கா?” என்றான் பெருமையாக.

பாட்டும் இல்லை. வெறும் அமைதி ஓடிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து ஒரு பெண் மூச்சு முட்டுவது கேட்டது. ‘டொக்’ என்று பிசகிய ஒரு தட்டு. கடைசியில் மூன்று பேரின் சிரிப்பு. அவ்வளவுதான்.

கசாலி ஒயரைப் பிடுங்கிச் செருகினான். மைக்கைத் தட்டிப் பார்த்தான். சுடலை பெட்டியிலிருந்து எழுந்து நின்றான். ஆக்னஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா ஜெபமணி டீயோடு வந்தாள். அவள் காதில் செவிமணிகள் மினுங்கின.

“என்னப்பா, இன்னைக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே? ரொம்ப நாளாச் சத்தமே இல்லியே. பாட்ட விட்டுட்டியளோன்னு நெனச்சேன்.”

“தெனமும்தான ஆன்ட்டி வாசிக்கோம்?” என்றான் சுடலை.

“கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கியன்னு தெரியும். ஒரு சத்தமும் வரலியே. முதல்ல ஒரு வாரம் கேட்டுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு.”

கசாலி சுவரிலிருந்த சல்லடையைப் பார்த்தான். பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“ஏல, லாரி வேற நாம வேறன்னு அதுக்கு எப்படிலத் தெரியும்? மழைக்காலம் பூரா ஒரே பாட்ட ஒரே மாதிரி வாசிச்சிருக்கோம். இந்த வீட்டு இரைச்சல்னு முடிவு பண்ணிருச்சு. நல்லா வாசிச்சதப் பூரா தின்னுட்டு, புதுசாச் சொதப்புனத மட்டும் விட்டுவச்சிருக்கு.”

சிரிக்க வேண்டிய விஷயம்தான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

“அது கத்துக்கிட்டதெல்லாம் அழிச்சிரலாம்ல?” என்றாள் ஆக்னஸ்.

“மறதிப் பொத்தான் இருக்கு. ஆனா லாரியும் சேந்து வந்துருமே.”

“வரட்டும்.”

கசாலி பொத்தானை அழுத்தினான். ஜெபமணி திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். சல்லடை உண்மையிலேயே மறந்துவிட்டதா என்று பார்க்க ஆக்னஸ் தன் செவிமணிகளை மாட்டினாள். லாரிகள் அப்படியே உறுமின. அவற்றுக்கு நடுவே அம்மாவின் குரல் கேட்டது. அம்மா அவள் பின்னால் வந்து, பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தலைய நல்லாத் தொவட்டுனியாட்டி?”

ஆக்னஸ் திரும்பிப் பார்த்தாள். “என்னம்மா, புதுசாக் கேக்க?”

“புதுசாவா? தெனமும்தான் கேக்கேன். நீதான் வாயத் தொறக்கிறதில்ல.” ஜெபமணி சாதாரணமாகத்தான் சொன்னாள். “வளந்த பிள்ள, நாம தொணதொணன்னு கேக்கது எரிச்சலா இருக்கும்னு விட்டுட்டேன். கேக்காம இருக்கவும் முடியல.”

எத்தனை காலமாக அம்மா அவள் முதுகுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை. தினமும் கேட்டதாலேயே அது இரைச்சலாகிப் போயிருந்தது. ஒரே ஒருநாள் கேட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தொவட்டிட்டேம்மா” என்றபோது குரல் உடைந்தது.

“இதுக்கு எதுக்குட்டி அழுத?” என்றாள் ஜெபமணி. ஒன்றும் புரியாமலே மகள் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மைக்கைத் திருப்பிக் கொடுக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. இந்த முறை சல்லடையை விட்டுவிட்டு மைக்கை நேராகப் பதிவுக் கருவியில் இணைத்தார்கள். லாரி வந்தது, மிக்சி வந்தது, ஓரமாக உட்கார்ந்து கேட்ட ஜெபமணி மூக்கை உறிஞ்சுவதும் வந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் பாட்டு முழுசாக இருந்தது. முதல் முறை பாடியதைவிட ஆக்னஸ் மோசமாகத்தான் பாடியிருந்தாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கசாலி அதை நகத்தளவு ஒலிச்சில்லில் ஏற்றிச் சுடலையிடம் கொடுத்துவிட்டு, மாமா திட்டுவார் என்று மைக்கோடு படியிறங்கி ஓடினான்.

சுடலை சில்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெனமும் படுக்கும்போது போட்டுக் கேப்பேன்” என்றான்.

“வேண்டாம்” என்றாள் ஆக்னஸ். வேகமாக வந்துவிட்டது வார்த்தை.

“ஏன்ட்டி? எனக்குன்னுதான எழுதுன?”

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் முகம் சிவந்தது. இத்தனை நாளும் அவன் தன் குரலைத் தினமும் கேட்க வேண்டும், கேட்டுத் தூங்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டிருந்தாள். அதற்காகத்தான் இத்தனை பாடுபட்டதும். ஆனால் அங்கே கழற்றக் கூடாத செவிமணிகள் அவன் காதில் இருக்கும். நிலையத்துச் சுவரிலும் ஒரு சல்லடை விழித்துக்கொண்டிருக்கும். ஆசையாகக் கேட்கக் கேட்க அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் துளை இயந்திரத்தோடு சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும். அது போனதுகூட அவனுக்குத் தெரியாது. அங்கே மறதிப் பொத்தானை அழுத்த யாரும் விடமாட்டார்கள்.

“உனக்குத்தான் எழுதுனேன்” என்றாள். “ஆனா தெனமும் கேட்டா அங்க உள்ள சல்லட என்னைத் தின்னுரும்ல. என் குரல் மறந்துபோற மாதிரி இருக்குன்னு தோணுனா, அப்ப மட்டும் போட்டுக் கேளு.”

“நான் எங்கட்டி மறக்கப் போறேன்?”

“அப்பக் கேக்கவே வேண்டாம்” என்றாள் ஆக்னஸ்.

சுடலை ஒலிச்சில்லைச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டிக்கொண்டான்.