ஏழாம் இலக்கு

திரையில், ஒரு வீட்டின் வெறும் வாசலைச் சுற்றி மஞ்சள் கட்டம் விழுந்திருந்தது. பக்கத்தில் எழுத்து: இலக்கு 7, தொண்ணூற்றேழு விழுக்காடு.

தாரணிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. குருபோங் ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில், ஒழுகும் ஏர்கோனுக்கு அடியில் வாளி சொட்டுகிற சத்தத்தையும், கீழே டயர் கடையிலிருந்து ஏறிவரும் ரப்பர் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு, ரேடார் படங்களில் எது லோரி, எது கூரை, எது மரம் என்று மூன்று வருஷமாகக் கணினியின் செயற்கை நரம்பு வலையமைப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வெறும் சிமெண்டுத் தரையை லோரி என்கிறது சனியன்.

இலக்கு 7 அவள் கணவன் விமலனின் லோரி. போன வருஷம் செம்பனைத் தோட்டத்துத் திடலில் அதை நிறுத்தி, பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் மேலே விமானம் பறந்து ரேடார் படம் எடுத்தது. வெள்ளத்தில் சிக்கும் வண்டிகளைத் தேடத்தான் என்றார்கள். முப்பத்தாறு தடவையும் விமலன் இறங்கவே இல்லை. "வெயிலு மண்டைய பொளக்குது, உள்ளயே உக்காருங்கண்ணே, ஒண்ணும் ஆவாது லா," என்று சொன்னவன் மேலாளர் நிவேந்திரன்.

அந்த லோரியைப் பழைய இரும்புக்குப் போட்டு இரண்டு மாதமாகிறது.

படத்தைப் பெரிதாக்கினாள். பாயா ரும்புட் குடியிருப்பு. மூலை வீடு. அவள் வீடு.

அடுத்த படத்தில் கட்டம் சாலையில் இருந்தது. அதற்கடுத்ததில் சாலையோர ஒட்டுக்கடை முன்னால். விமலனுக்கு போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஒட்டுக்கடையில. இப்பத்தான் ஒரு கிளாஸ் தே தாரேக் சொன்னேன். ஏன்?"

அப்போதுதான் புரிந்தது. வலையமைப்பு கற்றுக்கொண்டது லோரியை இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்த ஆளை.

திரையின் மூலையில் 'தேடல்' என்றிருந்த சொல் 'தயார்' என்று மாறியது.

"தம்பி, இந்தப் படமெல்லாம் யாருக்குப் போவுது?"

பக்கத்து மேசையிலிருந்த நிவேந்திரன் நிமிரவில்லை. "வெளிநாட்டு கஸ்டமருக்குக்கா. இன்னிக்கு டெஸ்ட்டு. கண்டுபுடிச்சதும் அடிக்கிற மிஷின் ஒண்ணு மேல சுத்துது. வெடிமருந்து இருக்காதுன்னுதான் சொன்னாங்க."

"சொன்னாங்களா? வெள்ளத்துக்குன்னும் நீதானடா சொன்ன! ஒன் அப்பன கொண்டாந்து நிக்க வையேன்! நிறுத்துடா அத!"

"இங்கருந்து முடியாதுக்கா."

அவனை அறைய ஓங்கிய கையை மடக்கினாள். அடிக்கவும் நேரமில்லை. எதுவும் நெருக்கமாக நின்றால் இந்த இயந்திரம் குழம்பும். மூன்று வருஷத்தில் அவள் கண்டது அதைத்தான். துண்டிக்காத போனை வாயருகே கொண்டுவந்தாள்.

"என்னங்க, கூட்டத்துக்குள்ள போங்க. எங்கயாச்சும் ஆளோட ஆளா நில்லுங்க!"

"என்னா, பைத்தியமா ஒனக்கு?"

"போய்த் தொலைங்கன்னா!"

அவள் கத்திய கத்தலில் அவன் ஓடினான். மூச்சு வாங்குவது கேட்டது. "கோயில் பந்தலுக்குள்ள வந்துட்டேன். அன்னதானம் நடக்குது."

கட்டம் மங்கியது. எண்பது. அறுபது. நாற்பத்தொன்று.

தாரணிக்கு அழுகை வந்தது. தாயே, தாயே என்று வாய் முணுமுணுத்தது.

திரையில் ஒரு வரி ஓடியது: புதிய மாதிரிகள் சேர்க்கப்படுகின்றன.

விமலன் பக்கத்தில் இன்னொரு கட்டம். இலக்கு 7.

அதன் பக்கத்தில் ஒன்று. எதிரே ஒன்று. பந்தி வரிசை முழுக்க. சின்னச் சின்னக் கட்டங்கள்.

"யாருங்க அங்க? கூட யாரு?"

"ஸ்கூல் புள்ளைங்கதான். நடுவுல உக்காந்துட்டேன், போதுமா?"

முப்பது. நாற்பது. ஐம்பத்திரண்டு கட்டங்கள். எல்லாவற்றிலும் தொண்ணூற்றொன்பது.

"எந்திரிங்க! வெளிய போங்க! எல்லாத்தையும் வெரட்டுங்க!"

"என்னா? கேக்கலமா. மேல என்னமோ சத்தம்."

இரைச்சல். இறங்கி வருகிற இரைச்சல். அதற்கு நடுவே ஒரு பிள்ளையின் குரல்: "ஏய், பிளேன்டா!"

திரையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் வரிசையை விட்டு எழுந்து, திறந்த முற்றத்துக்கு ஓடிவந்து நின்றது.