இறுகிய விரல்கள்

கனகாம்பிகை அறைக்குள் கால் வைத்தால் மட்டும்தான் அவருக்கு வியர்த்தது. தம்பி முத்துக்குமாரு முதுகு துடைத்துவிடும்போது சும்மா கிடக்கும் தில்லைநாதன், மனைவியின் காலடி கேட்டதும் முகம் சிவந்து, மூச்சிரைத்து, தலையணை நனைய வியர்த்தார். கைகால்கள் மரக்கட்டையாய் விறைத்தன.

பதினான்கு மாதத்துக்கு முன் ஓடு மாற்றக் கூரையில் ஏறியவர், தலை அடிபட விழுந்தார். அன்றிலிருந்து பேச்சில்லை, படுக்கைதான்.

"மூளையில அடிபட்டால் உடம்பு தன்ரை பாட்டுக்கு வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். அவருக்கு ஒண்டும் விளங்காது, பிள்ளை," என்று அப்போதே சொல்லியிருந்தார் டொக்டர்.

அந்தத் தைரியத்தில்தான் கனகாம்பிகை போன மாதம் ஓர் இரவு, மூன்றாம் தரமும் படுக்கையைக் கழுவிய களைப்பில், அவர் காதருகே குனிந்து சொன்னாள்: "நீங்கள் போய்ச் சேர்ந்தால் நான் ஆறுதலாய் நித்திரை கொள்ளுவன்."

மறுநாள் தொடங்கியது இந்த வியர்வை.

இன்று மத்தியானம், மடங்கி இறுகிய இடக்கையை நல்லெண்ணெய் தடவி நீட்டிக்கொண்டிருந்தாள். தசை தளர்த்தும் குளிசை முடிந்து மூன்று கிழமை. யாழ்ப்பாணத்தில் எந்த மருந்துக்கடையிலும் இல்லை. எண்ணெயும் டெட்டோலும் புளித்த வியர்வையும் ஒன்றாய் மணத்த அறைக்குள், எங்கோ வண்டு சுற்றுவதுபோல ஓர் இரைச்சல் மெல்ல நுழைந்து, பெருத்து, யன்னல் கம்பிகளை நடுங்க வைத்தது.

"மச்சாள், பொம்மர்! பங்கருக்கு ஓடி வாங்கோ! அண்ணையைத் தூக்க நேரமில்லை!" முற்றத்துப் பதுங்குகுழி வாசலில் நின்று முத்துக்குமாரு கத்தினான்.

"வாறன்!"

எழுந்தாள். மணிக்கட்டு வரவில்லை. அவருடைய விரல்கள் அதைச் சுற்றி மூடியிருந்தன.

வெடுக்கென்று இழுத்தாள். பிடி இன்னும் இறுகியது. விறைத்த தசை அப்படித்தான், அவசரப்பட்டால் இறுகும். மெல்லத்தான் பிரிக்க வேண்டும்.

"இஞ்சேருங்கோ, விடுங்கோப்பா."

பெருவிரல். மெல்ல. சுட்டுவிரல். ஓடுகள் அதிர்ந்தன. நடுவிரல். இரைச்சல் கூரைக்கு நேர் மேலே. மற்ற இரண்டும்.

விடுபட்டது.

நிமிர முடியவில்லை.

பதினான்கு மாதமாய் நெஞ்சோடு மடங்கிக் கிடந்த வலக்கை நீண்டிருந்தது. மூட்டு நெறுநெறுக்க, அவளுடைய பிடரியைச் சுற்றி இறங்கியது. குளிர்ந்த கை. ஈரம். அவள் நெற்றி அவர் நெற்றியில் முட்டியது.

"முத்துக்குமாரு!"



வானம் கிழிந்தது. குண்டு விமானம் குத்தி இறங்கும் ஓலம்.

அவர் இமைக்கவில்லை. அவளையே பார்த்தார். கை இறுகியது. இன்னும். இன்னும்.