அரை வேகம்

அன்று காலையும் என் கணவர் தணிகாசலம் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினார். செவ்வாய்க் கிரகத்தில் ரயிலேறும் எல்லோரும் செய்வதுதான். பெட்டிக் கதவின் ரப்பர் பட்டை காய்ந்து வெடித்திருக்கும். உள்ளிருக்கும் காற்று விசிலடித்தபடி வெளியேறும். ஈரத்துணியை இடுக்கில் செருகினால் வெளிக்குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும். விசில் நின்றதும் கண்ணை மூடித் தூங்கலாம்.

"நாலாம் கதவுகிட்ட உக்காராதீங்க."

"அங்கதாம்மா எடம் கெடைக்குது," என்று செருப்பை மாட்டினார்.

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை பட்டையை மாற்றவேண்டும் என்பது விதி. மீறும் ரயில் கம்பெனிக்குப் பணத்தில் அபராதம் போட்டால் அது டிக்கெட்டில் ஏறிவிடும் என்பதைப் பூமியில் பார்த்துச் சலித்தவர்கள், இங்கே வேகத்தண்டம் கொண்டுவந்தார்கள். பட்டை மாறும்வரை அந்தத் தடத்தின் வண்டிகள் அரை வேகத்தில்தான் ஓடலாம். கதவு அதிராது, கம்பெனிக்கும் வலிக்கும். ஆனால் பயணிகள் அவதிப்படக்கூடாதே என்று சட்டத்தில் ஒரு வரியும் சேர்த்தார்கள்: வண்டியில் இருப்பவர்களில் பாதிக்குமேல் இசைவுத்தகட்டில் விரல் வைத்தால் தண்டம் நீங்கும்.

எல்லோருக்கும் ஷிப்ட் இருந்தது. எல்லோரும் விரல் வைத்தோம்.

நாலாம் கதவு பிய்ந்துபோனதில் பதினேழு பேர் இறந்தார்கள். இடுக்கில் பதினோரு கைக்குட்டைகள் உறைந்திருந்தன என்றது அறிக்கை. அதில் ஒன்றுக்கு நீலக்கரை தைத்தவள் நான்.

விசாரணை நாளில் இறந்தவர்களின் வீட்டார் அதே தடத்தில் புறப்பட்டோம். வண்டியில் வேறு ஆளில்லை. விபத்துக்குப் பின் போட்ட தண்டத்தால் வண்டி அரை வேகத்தில் ஊர்ந்தது. எங்கள் மனு ஒன்றே ஒன்றுதான்: பட்டைகளை மாற்றும்வரை இந்தத் தண்டத்தை யாரும் நீக்கக்கூடாது.

தம்பியைப் பறிகொடுத்த எஸ்தர் மணியைப் பார்த்தபடியே இருந்தாள்.

"அக்கா, பத்து மணிக்குக் கூப்பிடுவாங்க. இப்படி உருட்டிக்கிட்டுப் போனா பத்தரை ஆயிடும்."

"நாம இல்லேன்னா?"

"மனுவைத் தூக்கிக் கடாசிருவாங்க. கம்பெனிக்காரன் அதுக்குத்தான காத்திருக்கான். இன்னிக்கு ஒருநாள் மட்டும் கை வைங்கக்கா."

"இதுக்காம்மா கெளம்பி வந்தோம்?" என்று பின்சீட்டில் ஒருவர் முனகினார். முனகிக்கொண்டே அவரும் விரல் வைத்தார். நானும் வைத்தேன்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டோம்.

தண்ட அதிகாரி ஓர் எந்திரம். மரியாதையாகவே பேசியது.

"எந்தத் தண்டத்தை நீட்டிக்கக் கேட்கிறீர்கள்? நடப்பில் எதுவும் இல்லையே. இன்று காலை ஒன்பது இருபதுக்குப் பயணிகளின் இசைவால் நீங்கிவிட்டது."

இசைந்தவர்களின் பெயர்களை வாசித்தது. மனுவில் இருந்த பெயர்கள்தான். ஒன்றுகூட விடுபடவில்லை.

"அப்ப பட்டையை மாத்தச் சொல்றது யாரு?" எஸ்தர் கத்தினாள்.

"அடுத்த ஆய்வு தொண்ணூறு நாள் கழித்து, அம்மா."

திரும்பும்போது முழு வேகம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீடு வந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். எஸ்தர் தண்ணீர்க் குப்பியைத் திறந்து கைக்குட்டையை நனைத்தாள். நானும் என்னுடையதை நீட்டினேன்.

ஆறு வருடமாகிறது. விபத்துக்குப் பின் மாட்டிய நாலாம் கதவு அன்றே புதிதாகத்தான் இருந்தது. பட்டை மட்டும் பழையது. இன்றும் விசிலடிக்கிறது.