ஒரு நாளைக்கு ஒரு சத்தம்

திவாகரன் பிறந்ததிலிருந்து எந்தச் சத்தத்தையும் கேட்டதில்லை. அவனுக்கு நான்கு வயதானபோது மருத்துவமனையில் அவன் காதுக்குள் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார்கள். காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள இன்னொரு கருவியும் கொடுத்தார்கள். அதை மாட்டினால் அவனுக்குக் கேட்கும்.

மலேசியாவில், பாடாங் செராயில் இருந்த அவர்கள் வீட்டில் அன்று ஒரே ஆவல். அம்மா புஷ்பவள்ளி கருவியை மாட்டிவிட்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பா கைதட்டினார். தொலைக்காட்சியும் பாடிக்கொண்டிருந்தது.

திவாகரனின் முகம் சுருங்கியது. கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அழுதான்.

மறுநாளும் அப்படித்தான். அதற்குப் பிறகு கருவியை ஒளித்து வைக்கவும் தொடங்கினான். ஒருமுறை அது அரிசி டின்னில் கிடைத்தது. இன்னொருமுறை அப்பா காலில் மாட்டும் சப்பாத்துக்குள் கிடைத்தது.

தினமும் மாட்டினால்தான் அவன் கேட்கக் கற்றுக்கொள்வான் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அவனுடைய அக்கா யோகேஸ்வரிக்கு அதுதான் புரியவில்லை. கேட்பதைக்கூடவா கற்றுக்கொள்ள வேண்டும்?

“கேக்கவே வேணாம்னு நெனைக்கிறான் போலலா” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை யோகேஸ்வரி அம்மாவோடு மீனும் காய்கறியும் வாங்கப் பாசாருக்குப் போனாள். மீன் கடையில் இரண்டு சீனப் பெண்கள் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. ஆனால் ஒரு சொல் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றுகூடத் தெரியவில்லை. கடகடவென்று வெறும் சத்தம்.

அப்போது அவர்களில் ஒருவர் ஒரு கணவாயைத் தூக்கிக் காட்டி ஒரு சொல்லைச் சொன்னார். கடைக்காரரும் அதையே திரும்பச் சொன்னார். அந்த ஒரு சொல் மட்டும் யோகேஸ்வரிக்குப் பிடிபட்டுவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் யோசித்தாள். தம்பிக்கும் இப்படித்தான் இருக்குமோ? காது சத்தத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அது எதனுடைய சத்தம் என்று அவன் மூளைக்கு இன்னும் தெரியவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் அவன் பாவம், என்ன செய்வான்?

“அம்மா, டிவிய அடைச்சிடுங்க. காத்தாடியும் வேணாம். யாரும் பேசக்கூடாது” என்றாள்.

வீடு அமைதியானது. தம்பியை மடியில் உட்கார வைத்துக் கருவியை மெதுவாக மாட்டினாள். கரண்டியால் ஒரு டம்ளரைத் தட்டினாள். அவன் திடுக்கிட்டுக் காதைத் தொட்டான். உடனே கரண்டியை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் தட்டினான். நிறுத்தினான். டம்ளரைப் பார்த்தான். மறுபடியும் தட்டினான். கருவியைக் கழற்ற மறந்தே போனான்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சத்தம். குழாய்த் தண்ணீரை அவன் கையில் விழச் செய்தாள். அப்பா மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது இருக்கையில் அவன் கையை வைத்தாள். அம்மா தன் தொண்டைமேல் அவன் விரல்களை வைத்து, “திவா” என்றாள். அவன் சத்தமில்லாமல் சிரித்தான். அன்றைக்கு அம்மா குழம்பைத் தீயவிட்டுவிட்டாள். யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு பிற்பகல் யோகேஸ்வரி சமையலறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். திவாகரன் ஓடிவந்து அவளை ஃபிரிட்ஜ் பக்கம் இழுத்தான்.

“பசிக்குதாடா?” என்று அதைத் திறந்தாள். அவன் மூடினான். அவள் உள்ளங்கையை எடுத்து ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் வைத்தான். பிறகு தன் காதைக் காட்டினான்.

கையில் மெல்லிய அதிர்வு. அவள் கவனித்துக் கேட்டாள். ஆமாம், ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. தினமும் அதன் பக்கத்தில்தான் சாப்பிடுகிறாள், எழுதுகிறாள். பழகிப்போன சத்தம் என்று அவள் மூளை அதை ஒதுக்கி வைத்துவிட்டது போலிருக்கிறது. அவள் அதைக் கேட்டதே இல்லை.

“அம்மா, இங்க வாங்க. தம்பி எனக்கு ஒண்ணு காட்டுறான்.”

அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். திவாகரன் அவள் கையையும் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்தான். இருவரையும் நிமிர்ந்து பார்த்தான். பிறகு உதட்டை இறுக மூடிக்கொண்டு, ஃபிரிட்ஜைப் போலவே, “ம்ம்ம்ம்” என்றான்.