மரத்துப்போன வலது கை

கிளிஃபர்டின் வலது கை, கழுத்திலிருந்து தொங்கிய துணித் தூளியில் மடங்கி, மார்போடு ஒட்டிக் கிடந்தது. ஆனால் அவனுக்கோ, அது தோளிலிருந்து பக்கவாட்டில் நீண்டிருப்பதாகவே தெரிந்தது. காலையில் ஆபரேஷன் பலகையில் நீட்டி வைத்தார்களே, அதே மாதிரி.

பீன்யா தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுபவன் அவன். மடக்கினால் நிமிர மறுத்த மோதிர விரலுக்குச் சின்ன ஆபரேஷன். வலி தெரியாமலிருக்கத் தோளுக்கு மேலே நரம்பு பிளாக் ஊசி போட்டிருந்தார்கள். "சாயந்திரம் வரைக்கும் மரத்திருக்கும். கை வேற எங்கியோ இருக்கற மாதிரி தோணும், பயப்படாதீங்க" என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். பயப்படாதே என்றால் யாருக்குத்தான் பயம் வராது? அந்தக் கைதான் அவன் வீட்டுச் சோறு.

ஈஜிபுராவின் அந்த ஒற்றை அறையில் மதியம் மூன்று மணிக்கே விளக்கு வேண்டும். மழைக்குக் கரண்ட் போயிருந்தது. தகரக் கூரையில் விழும் தண்ணீரின் இரைச்சலும், கைக்கட்டிலிருந்து வந்த மருந்து வாடையும், சுவரின் ஈரச் சுண்ணாம்பு நெடியும் சேர்ந்து அவனைப் புரண்டு புரண்டு படுக்க வைத்தன. கடைசியில் வலது தோள் சுவரை ஒட்டும்படி படுத்தான். நீட்டிய கை சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனது. முதலில் சிரிப்புதான் வந்தது.

பிறகு விரல் நுனி சில்லிட்டது.

போன் அடித்தது. நோரா, அவன் மனைவி, வேலையிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, மாத்திரை போட்டீங்களா? மரப்பு எறங்கறதுக்குள்ள போட்டுடணுமாம்."

"நோரா, பக்கத்து வீட்ல யாராச்சும் வந்திருக்காங்களா?"

"அது பூட்டி ரெண்டு மாசமாச்சே. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்துவிட்டான். சொன்னால் சிரிப்பாள்.

சுவருக்கு அப்பால் விரல்களில் ஏதோ பட்டது. ஈரமாக. மெத்தென்று. மெஷினில் தகடு சிக்கினால் கண்ணால் பார்க்காமல் விரலால் துழாவிப் பிடித்து இழுப்பது அவன் பழக்கம். செய்யாதே என்று சூப்பர்வைசர் எத்தனை முறை கத்தியிருக்கிறார். யோசிக்கும் முன்பே விரல்கள் துழாவின. பிடித்தன. இழுத்தான்.

அது திருப்பிப் பிடித்தது.

எழப் பார்த்தான். தோள் வரவில்லை. சுவரில் விரிசல்கூட இல்லை, ஆனாலும் தோள் வரவில்லை. அந்தப் பக்கம் பிடி முழங்கை வரை ஏறியது. கை போய்விடும். கை போய்விட்டால் எல்லாம் போச்சு.

இல்லை. கை இங்கேதான் இருக்கிறது. தூளிக்குள். தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இடது கையைத் தூளிக்குள் விட்டான். கட்டுத் துணி. அதற்குக் கீழே விரல்கள். வெதுவெதுப்பாக இருந்தன. "கர்த்தரே" என்று மூச்சு விட்டான்.

மரத்துப்போன அந்த விரல்கள் அசைந்தன. அவன் அசைக்கவில்லை. அவன் கை சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிடிபட்டிருந்தது. இடது கையின் கட்டைவிரலைத் தடவின. அடுத்த விரலை. அதற்கடுத்ததை. சுண்டுவிரல் வரை பொறுமையாகத் தடவிப் பார்த்தன.

பிறகு இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, தூளியை விட்டு வெளியே வந்து, சுவரை நோக்கி இழுத்துக்கொண்டு போயின.