எண்பதில் உதறல்

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நிரூபாவின் கார் கராஜுக்குள் வந்து நின்றது. வீதி உப்புப் படிந்து வெளுத்திருந்தது.

"திரும்பவும் உதறுது, ஜனா அண்ணா. எண்பதுக்கு மேல போனா. இது மூண்டாந்தரம்."

"உன்ர கார் என்னைவிட்டுப் போகமாட்டன் எண்டுது," என்றான் ஜனார்த்தன்.

அவள் சிரிக்கவில்லை.

டோர்செட் பார்க்கில் பதினாறு வருடங்களாகக் கார் திருத்துகிறான். ஸ்ரியறிங் உதறினால் முன்சக்கரம். இருக்கை உதறினால் பின்சக்கரம். பிறேக் பிடிக்கையில் மட்டும் உதறினால் பிறேக் தட்டு வளைந்திருக்கும். வேகமெடுக்கையில் என்றால் அச்சு. முதல்தரம் நிரூபாவின் காரின் ரயர்களைப் பலன்ஸ் செய்தான். இரண்டாம்தரம் தட்டுகளையும் அச்சையும் மாற்றினான்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் பார்க்கவேண்டியது நட்டுகளை. முன் இடச்சக்கரத்தின் நட்டைத் தொட்டான்.

அது விரலோடு சுழன்றது.

இரண்டு தரமும் அவனே இறுக்கியவை.

நவம்பரில் நிரூபாவின் அப்பா செல்வரட்ணம் தன் காருக்குப் பனிக்கால ரயர் மாற்றிக்கொண்டு போனார். நூறு கிலோமீட்டர் ஓடியபின் வந்து நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும். பில்லின் அடியில் அந்த வரி இருக்கும். யாரும் வருவதில்லை. செல்வரட்ணம் அடுத்த வியாழக்கிழமை போன் எடுத்தார்.

"தம்பி, கார் உதறுது. இப்ப கொண்டு வரட்டோ?"

அன்று வாசலில் பதினொரு கார்கள் நின்றன.

"ஸ்நோ ரயர் அப்பிடித்தான், அண்ணை. சனிக்கிழமை ஒன்பதுக்கு வாங்கோ."

"சனி மட்டும் தாங்குமோ, தம்பி?"

"தாங்கும்."

சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் எழுதினான்: சனி 9. செல்வரட்ணம். உதறல். கார் வந்து சேர்ந்ததும் பெயருக்கு முன்னால் ஒரு கோடு போடுவது அவன் வழக்கம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, 401 நெடுஞ்சாலையில் அவர் காரின் முன் இடச்சக்கரம் கழன்றது. கார் கொங்கிறீற் சுவரில் மோதியது.

அன்று மாலையே ஜனார்த்தன் பலகையைத் துடைத்தான். செல்வரட்ணம் நேரம் கேட்கத்தான் போன் எடுத்தவர் என்று பொலிஸிடம் சொன்னான். பில்லில் அந்த வரி இருந்தது. மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

"நீ காரை ஓடு. நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்," என்றான் இப்போது. ஐந்து நட்டுகளையும் றெஞ்சால் இறுக்கினான். சரியான இறுக்கத்தில் றெஞ்ச் 'டக்' என்றது. ஐந்து டக்.

கிழக்கே, பிக்கரிங் பக்கம் போனார்கள். வீதியின் இருபுறமும் அழுக்குப் பனி. ஹீற்றர் காற்றில் கருகிய ரப்பர் மணத்தது.

"அம்மா இப்பவும் அப்பாவைத்தான் பேசுறா," என்றாள் நிரூபா. "ஒண்டையும் கவனியாத மனுசன், தானாப் போய்ச் செத்தது எண்டு. படத்தையும் திருப்பி வச்சிட்டா."

எழுபத்தைந்து.

எண்பது.

ஸ்ரியறிங் உதறத் தொடங்கியது.

"அண்ணா, அப்பா உங்களிட்டச் சொன்னவரோ, கார் உதறுது எண்டு?"

"இல்லை."

உதறல் கூடியது. கதவுகள் அதிர்ந்தன. அவள் தோள்கள் ஆடின.

பின்னிருக்கையிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"சனி மட்டும் தாங்குமோ, தம்பி?"

நிரூபா வீதியைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"எக்ஸிற் எடு. மெதுவா. பிறேக்கை அமத்தாத."

ஒரு கடை வாசலில் நிறுத்தினார்கள். அவன் குந்தினான். நான்கு நட்டுகள் விரலோடு சுழன்றன. ஐந்தாவது இல்லை.

அரைமணிக்கு முன் இறுக்கியவை. அடுத்த தரம் இவள் தனியாக ஓடுவாள். அல்லது தாயோடு.

"என்ன பிழை, அண்ணா?"

பனியில் முழங்காலூன்றியபடியே சொன்னான். வியாழக்கிழமை. போன். பலகை. பொலிஸ்.



"அவர் கேட்டவரா? தாங்குமோ எண்டு?"

"ஓம்."

"நீங்க தாங்கும் எண்டனீங்கள்."

"ஓம்."

சக்கரத்தைத் திரும்பப் பார்த்தான். ஐந்து நட்டுகளும் இருந்தன. கொண்டுவந்திருந்த றெஞ்சை வைத்ததுமே டக் என்றது. ஒன்றுகூட அசையவில்லை.

அவனை அங்கேயே விட்டுவிட்டு அவள் போனாள். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"நூற்றிப்பத்தில போறன். உதறேல்லை. அம்மாவிட்டச் சொல்லப்போறன். பிறகு பொலிஸிட்ட. உங்கட போனை ஓஃப் பண்ணாதேங்கோ."

"சரி," என்றான். நவம்பருக்குப் பிறகு அன்றுதான் மூச்சு அடிவயிறுவரை போனது.

இரண்டு பஸ் மாறி ஐந்து மணிக்குக் கராஜுக்குத் திரும்பினான். கதவு அவன் பூட்டியபடியே இருந்தது. திறந்தான்.

ரப்பர் மணம்.

லைற்றைப் போட்டான்.

வெள்ளைப் பலகையில் அவன் கையெழுத்து. சனி 9. செல்வரட்ணம். உதறல்.

பெயருக்கு முன்னால் கோடு போட்டிருந்தது.

கார் உயர்த்தும் மேடையின் கீழே பனி உருகி ஈரமாயிருந்தது. ரயர்கள் நின்ற தடங்கள். மூன்று.

முன் இடப்பக்கம் மட்டும் தடம் இல்லை. அங்கே, வாசலிலிருந்து மேடைவரை, சீமெந்து ஆழமாகக் கீறப்பட்டிருந்தது.